நான்கு இலட்சம் சொட்டு

என் மனைவியை நான் ஒரு முறை மரணப்படுக்கையில் கிடத்தியிருக்கிறேன். அந்த நேரத்தில் அவர் கொழும்பில் தன் தங்கை வீட்டில் இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது வேறு விடயம். எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. கணக்குப் பிழைத்தது என்றும் சொல்ல முடியாது. அந்தக் கணக்கை இன்றைக்கும் யாரிடமும் கொடுத்துச் சரிபார்க்கலாம்.

நான் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் மருந்து கலந்து கொடுத்தவன். குளிசை எண்ணி எண்ணி விரலில் ஏறிய பழக்கம் இளைப்பாறிய பிறகும் இறங்கவில்லை. படி ஏறினால் படியை எண்ணுவேன். சோற்றில் கல் அகப்பட்டால் அதையும் எண்ணுவேன் (வாய்விட்டு அல்ல). என் மனைவி தவமணி விலங்கியல் படிப்பித்த ஆசிரியை. அவர் இளைப்பாறியதும் எங்கள் முன் அறை யன்னலுக்குக் கீழே இருநூறு லீற்றர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்தார். அதில் ஒரு சோடிக் கோமாளி மீன், நாலு மென்பவளம், ஒரு கடற்சாமந்தி. (எதுவும் எங்கள் கடலில் பிடுங்கியது அல்ல. வளர்த்து விற்பவர்களிடம் வாங்கியவை. பத்திரங்கள் ஆறும் அலுமாரியில் இருக்கின்றன. யாராவது கேட்கமுன் நானே சொல்லிவிடுகிறேன்.)

கடற்சாமந்தி பூ அல்ல, பூப்போல விரிகிற பிராணி. மீன் சோடி அதன் விரல்களுக்கு நடுவேதான் படுத்து எழும்பும். தவமணி அதை ஆறு வருடம் வளர்த்திருந்தார். காலையில் எழும்பினால் முதலில் அதன் முகத்தில்தான் விழிப்பார். அதற்கு முகம் இல்லை என்று நான் ஒரு தடவை சுட்டிக்காட்டினேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

கடல்நீர்த் தொட்டியில் வாரத்துக்கு ஒரு முறை நீர் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் அழுக்குச் சேர்ந்து உயிர்கள் வாடிவிடும். தவமணியின் முறை மிக எளிது. பழைய நீர் இரண்டு வாளி வெளியே, துணியில் வடித்த புதிய கடல்நீர் இரண்டு வாளி உள்ளே. பத்து நிமிட வேலை.

நான்கு வருடத்துக்கு முன் அவருடைய வலது கண்ணில் புரை வெட்ட நாள் கிடைத்தது. புதன்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாகத் திட்டம். ஊரில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்றார். "சொன்னா, வெட்ட முதலே சனம் பழத்தோட வந்து நிக்கும். எனக்கு ஏலாது." பிறகு தொட்டியைக் காட்டினார்.

"இஞ்சேருங்கோ, புதுசா ஒண்டும் செய்யவேண்டாம். வெள்ளிக்கிழமை ரெண்டு வாளி எடுங்கோ, ரெண்டு வாளி ஊத்துங்கோ. அவ்வளவுதான்."

"ஓம்."

"ஓம் எண்டு சொல்லிப்போட்டு யோசிக்கிறியள்."

"இல்லை, என்ர முகமே இதுதான்."

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. திரும்பி வரேக்க எல்லாம் உயிரோட இருக்கவேணும்."

அவர் போனபின் யோசிக்கத்தான் செய்தேன். ஒரு வாளி நீரை ஒரேயடியாகத் தலையில் ஊற்றினால் அந்த மென்மையான பிராணிக்கு எப்படி இருக்கும்? ஒரு நோயாளிக்கு ஒரு போத்தல் சேலைனை ஒரே மடக்கில் ஏற்றுவோமா? இந்த ஒப்பீடு மனதில் வந்ததும் நான் தொலைந்தேன். பாமசிக்குப் போய்ச் சேலைன் ஏற்றுகிற குழாய் ஒன்று வாங்கினேன். வெல்டிங் கடையில், ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் நிற்குமே, அதேபோல ஓர் இரும்புத் தாங்கி செய்வித்தேன். இருபது லீற்றர் கடல்நீர்க் கானை அலுமாரிக்கு மேலே ஏற்றி, அதிலிருந்து வந்த குழாயைத் தாங்கியில் கொளுவி, நுனியைத் தொட்டிக்குள் விட்டேன்.

கணக்கு இதுதான். ஒரு மில்லிலீற்றருக்கு இருபது சொட்டு. இருபது லீற்றருக்கு நான்கு இலட்சம் சொட்டு. நிமிடத்துக்கு நூற்றிருபத்தைந்து என்று வைத்தால் ஐம்பத்து மூன்று மணித்தியாலம் இருபது நிமிடம். வெள்ளி காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு பதினொன்று இருபதுக்கு முடியும்.

உள்ளே வருகிற நீருக்கு ஏற்றபடி பழைய நீர் வெளியேறவும் வேண்டும் அல்லவா? அதற்கு ஓர் அரை அங்குலக் குழாய். ஒரு முனை தொட்டியின் அடியில். வெளிமுனையைத் தொட்டி நீர்மட்டத்தின் உயரத்திலேயே பிடித்துவைத்தால், மேலதிகமாக வருகிற நீர் மட்டும் வழியும். ஆகவே ஒரு ஸ்டூலுக்கு மேலே வாளியை வைத்து, வெளிமுனையை வாளிக் கைப்பிடியில் கட்டினேன். சுவரில் ஓர் ஆணி அடித்துக் கட்டியிருக்கலாம். சுவர் பழுதாகிவிடும் என்று தவமணிக்குப் பயந்தேன்.

வெள்ளியும் சனியும் நான் தாங்கிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, மணிக்கூட்டைக் கையில் பிடித்து, சொட்டு எண்ணினேன். வெளிச்சத்துக்காக யன்னல் சீலையை ஒதுக்கிவிட்டிருந்தேன். தெருவால் போனவர்கள் கண்டது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். தொட்டி யன்னலுக்குக் கீழே மறைவில். மேலே தெரிந்தது சேலைன் தாங்கி, கீழே இறங்குகிற குழாய், பக்கத்தில் மணிக்கூட்டோடு என் முகம். தவமணி ரீச்சரையோ மூன்று நாளாக ஒருவரும் காணவில்லை.

அடுத்த வீட்டுப் பரிமளம் கண்ணால் கண்டதை வைத்து முடிவுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள். வீட்டில் வைத்து மனிசன் தானே சேலைன் ஏற்றுகிறார். கடைசி நேரம்போல. நல்ல மனுசி என்பதால் என்னைக் கேட்டுத் தொந்தரவு செய்யாமல், அன்புவழிபுரத்தில் இருந்து தோப்பூர் வரை எல்லாருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

ஞாயிறு பதினொன்று இருபத்தொன்பதுக்குக் கடைசிச் சொட்டு விழுந்தது. ஒன்பது நிமிடம்தான் பிந்தல். கடற்சாமந்தி அகல விரிந்து நின்றது. மீன்கள் அதற்குள் புரண்டன. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மாலையில் தவமணி வருமுன் இன்னொரு முறை தொடங்கிவைத்தால் எப்படி இருக்கும்? துறைமுகப் பக்கத்து நீரில் எண்ணெய் இருக்கும் என்ற பயத்தில் நான் இறக்கக்கண்டிக் கடலில்தான் நீர் அள்ளுவது வழக்கம். அலுமாரி மேலிருந்த கானையும் இன்னொரு வெறும் கானையும் தூக்கிக்கொண்டு ஓர் ஓட்டோவைப் பிடித்துப் போய்விட்டேன். இரண்டாம் தடவையாக விளிம்புவரை நிரம்பியிருந்த வாளியைத் திரும்பி வந்து ஊற்றலாம் என்று விட்டுவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு வேலையையும் அப்படி விட்டதில்லை.

நான் போன பிறகுதான் சனம் வந்தது. எங்கள் மாற்றுத் திறப்பு பரிமளத்திடம் இருந்தது. கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டு, குசினியில் தேத்தண்ணீர் வைக்கப் போனார். மற்றவர்கள் நோயாளியைத் தேடி அறை அறையாகப் போனார்கள். முன் அறையில் தங்கியவர் ஹனீபா ஒருவர்தான். என்னோடு ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்தவர், தோப்பூர்க்காரர், மிகப் பொறுப்பான மனிதர். நோயாளி இல்லாத இடத்தில் ஒரு தாங்கி, வறண்ட குழாய், கீழே நிரம்பிய வாளி, அதில் கட்டிய இன்னொரு குழாய். நோயாளியின் பக்கத்தில் நிரம்பிய வாளியைக் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. குழாயைப் பக்குவமாக அவிழ்த்து நிலத்தில் விட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு பின் வளவுக்குப் போனார். ஊற்றினார். கழுவினார். வெயிலில் கவிழ்த்தும் வைத்தார்.

நான் வந்து இறங்கியபோது வாசலில் செருப்புகள் மிதந்துகொண்டிருந்தன. இருபத்தாறு. பதின்மூன்று பேர் என்று எண்ணி முடித்த பிறகுதான், செருப்பு ஏன் மிதக்கிறது என்ற கேள்வி வந்தது.

தொட்டியில் நாலு விரல் நீர். வெளிமுனை நிலத்துக்கு இறங்கியதால் குழாய் மற்றதையெல்லாம் உறிஞ்சி வெளியே விட்டிருந்தது. மென்பவளங்கள் தலை கவிழ்ந்து கிடந்தன. கடற்சாமந்தி நனைந்த துணிபோலக் கல்லில் சரிந்திருந்தது. பெரிய மீன் பக்கவாட்டில் படுத்துச் செவுளை அடித்தது. சின்னதைக் காணவில்லை.

"ஐயா, ரீச்சர எங்க கொண்டு போன?" என்று ஹனீபா அழுகிற குரலில் கேட்டார்.

நான் கானைத் திறந்து, மெல்லிய தாரையாக, பிராணி அதிராதபடி ஊற்றத் தொடங்கினேன். பரிமளம் தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தார். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கானைப் பார்த்தார்.

"அண்ணை, சேலைன் இதுக்கோ ஏத்தினியள்?"

"ஓம்."

"அடக் கடவுளே! பிறகென்ன சொட்டுச் சொட்டா விட்டுக்கொண்டு நிக்கிறியள்? ஊத்துங்கோ!"

கானைப் பறித்து அவரே கவிழ்த்தார். இரண்டு கானும் நாற்பது லீற்றர். போதாது. இறக்கக்கண்டிக்குத் திரும்பிப் போக நேரமில்லை. எண்ணெயாவது ஒன்றாவது என்று, துறைமுகப் பக்கத்துக் கடற்கரைக்கே இரண்டு ஓட்டோ பறந்தன. சாகக் கிடப்பவரைப் பார்க்க நல்ல உடுப்போடு வந்த சனம் கான், வாளி, சோற்றுப்பானை என்று கையில் கிடைத்ததில் நீர் சுமந்தது. வாசலில் இருந்து தொட்டிவரை வரிசையாக நின்று கைமாற்றினார்கள். நான் பெரிய மீனின் செவுள் அடிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு எதற்கும் அப்போது நான் உதவாதவனாக இருந்தேன்.

அந்த நேரம் வாசலில் மூன்றாவது ஓட்டோ ஒன்று வந்து நின்றது. தவமணி கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார். வரிசை அப்படியே உறைந்தது. ஒருவர் கையில் இருந்த பானை விழுந்தது.

அவர் வளவு முழுக்கச் சனத்தைப் பார்த்தார். நிலமெல்லாம் ஈரத்தைப் பார்த்தார்.

"ஆர் செத்தது?"

ஹனீபா பொய் சொல்லிப் பழகாத மனிதர்.

"நீங்கதான் ரீச்சர்" என்றார்.

தவமணி அவரைக் கடந்து உள்ளே வந்தார். ஒரு கிழமைக்குக் குனியக்கூடாது என்று கண் டொக்டர் சொல்லியிருந்தார். குனியாமல், நிமிர்ந்து நின்றபடி, தொட்டியை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு கதிரைக்குக் கீழே கையைக் காட்டினார். சின்ன மீன் அங்கே கிடந்தது. நீர் இறங்கும்போது துள்ளி வெளியே விழுந்திருக்கவேண்டும். என் கதிரைக்குக் கீழேதான்.

அன்று அந்த வீட்டில் நடந்ததை நினைத்து நான் சிரிப்பதில்லை. துக்கம் சொல்ல வந்த பதின்மூன்று பேரிடமும் துக்கம் தயாராக இருந்தது. அதைத் திருப்பிக் கொண்டுபோக அவர்களுக்கு மனம் வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து தவமணியின் கையைப் பிடித்தார்கள். ஒரு கிழவி அழுதேவிட்டார். ஹனீபா, "வாளிய நான்தான் எடுத்த ரீச்சர்" என்றார். "உங்களில பிழையில்லை" என்று சொல்லிவிட்டுத் தவமணி என் பக்கம் திரும்பினார்.

"எத்தினை வாளி சொன்னனான்?"

"ரெண்டு."

"எத்தினை நிமிசம்?"

"பத்து."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கடற்சாமந்தி மூன்றாம் நாள் மெல்ல விரிந்தது. பெரிய மீனும் நாலு மென்பவளமும் தப்பின.

இடது கண்ணுக்கு நாள் வந்தபோது அவர் தொட்டியைப் பரிமளத்திடம் ஒப்படைத்தார். என்னையும் பரிமளத்திடமே ஒப்படைத்தார். எனக்கு முன் அறைக்குள் போக அனுமதி இருந்தது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

அதன் பிறகு பாமசியில் எனக்கு ஒரு பஞ்சுருண்டை வாங்கினாலும் "மீனுக்கோ, ஆளுக்கோ?" என்றுதான் கேட்கிறார்கள். போன வருடம் டெங்கு வந்து நான் வாட்டில் மூன்று நாள் கிடந்தேன். உண்மையான சேலைன், உண்மையான கை, நாலு போத்தல். ஒரு குருவி எட்டிப்பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் தவமணியிடம் கேட்டேன்.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்தனான். உங்களுக்குச் சேலைன் ஏறுது எண்டனான். விழுந்து விழுந்து சிரிக்கினம்."

"அப்ப நான் செத்தாலும் வரமாட்டினமோ?"

தவமணி கட்டிலருகில் இருந்து, ஒரு தோடம்பழத்தை ஆறுதலாக உரித்துக்கொண்டு யோசித்தார்.

"வருவினம்" என்றார். "வந்து முதல்ல தொட்டியைத்தான் எட்டிப் பாப்பினம்."