மான் தின்ற வேதாகமம்

ஆங்கிலம் படித்தவன் என்று ஊரில் பெயரெடுத்தவனுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. தெரியாத சொல் ஒன்று எதிரே வந்தால் அவன் யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் பெயர் போய்விடும். நான் அப்படிக் கேட்காமல் விட்ட சொல் ஒன்றே ஒன்றுதான். (இது பொய். மற்றச் சொற்களை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்.) அந்த ஒரு சொல்லின் புண்ணியத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சபை முழுவதும் பார்த்திருக்க நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பட்டத்தோடு ஊருக்குத் திரும்பி, ஓர்ஸ் ஹில் என்ற பகுதியில் ஒரு வாடகை அறையில் ஆங்கில டியூஷன் நடத்திக்கொண்டிருந்தேன். அம்மாவும் நானும் குடியிருந்தது கோட்டைக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில். அந்த நாளில் நான் மீன் சந்தைக்குப் போனாலும் சட்டைப் பையில் பேனை குத்திக்கொண்டுதான் போவேன்.

எங்கள் சபையில் சாமுவேல் அங்கிள் என்று ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்று, மகளோடு கனடாவுக்குப் போனவர். சபையின் ஆண்டுவிழாவுக்கு வருவதாக எழுதியவர், தான் வருவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே ஒரு பரிசை அனுப்பிவைத்தார். மரப்பெட்டியைப் போதகர் ஐயா திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். உள்ளே தடித்த தோல் அட்டை போட்ட ஒரு ஆங்கில வேதாகமம். ஒரு ஆள் தனியே தூக்கினால் முதுகு பிடிக்கும் அளவுக்குப் பாரம். முதற்பக்கத்தில் தூண்களும் தேவதூதர்களும், அடியில் சில நூறு வருடங்களுக்கு முந்திய ஒரு ஆண்டும் இருந்தன. பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு துண்டுப்பிரசுரமும் கிடந்தது.

"தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கு எண்டு நீர் ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்" என்று போதகர் அதை என்னிடம் நீட்டினார்.

முதல் வரியிலேயே 'ஃபாக்சிமிலி' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அது எனக்குத் தெரிந்த சொல்தான். அலுவலகக் கடிதங்களில் தொலைபேசி இலக்கத்துக்குக் கீழே ஃபாக்ஸ் இலக்கம் போடுவார்களே, அதற்கு முன்னால் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தக் கொம்பனிக்கு ஃபாக்ஸ் அனுப்பலாம் என்று சொல்கிறார்கள், நமக்கு அது தேவையில்லை என்று முடிவுகட்டி, பிரசுரத்தை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

"விளம்பரம்தான் ஐயா" என்றேன். பிறகு அந்த ஆண்டின் மேல் விரலை வைத்து, "ஆனா இதைப் பாருங்கோ. இது அசல். அந்தக் காலத்திலயே அச்சடிச்சது."

போதகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "புதுச் சப்பாத்து மாதிரி மணக்குதே, தம்பி."

"நல்ல தோல் எண்டா அப்பிடித்தான் ஐயா. மணம் போகாது."

பின் அட்டையின் உட்பக்கத்தில் கறுப்புக் கோடுகள் நிறைந்த சிறிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதையும் அவர் கவனித்துக் கேட்டார். "கஸ்டம்ஸ்காரர் ஒட்டினது" என்றேன். துறைமுக ஊரில் பிறந்தவனுக்குச் சுங்கம் பற்றித் தெரியாதா?

அடுத்த ஞாயிறு பிரசங்க மேடையில் ஏறி நானே அறிவித்தேன். கடல்களையும் யுத்தங்களையும் தாண்டி, எத்தனையோ கைமாறி, நம் சபைக்கு வந்து சேர்ந்திருக்கும் மூலப்பிரதி என்றேன். சபை வாய் பிளந்து கேட்டது. சபைச் செயலாளர் ரஞ்சிதம் அக்கா அன்றைக்கே பூப்போட்ட ஒரு மேசை விரிப்புக் கொண்டுவந்தார். நான் மருந்துக்கடையில் ரப்பர் கையுறை வாங்கினேன். புத்தகத்தைப் பார்க்க வந்தவர்களைக் கயிறு கட்டி ஒரு முழத்துக்கு அப்பால் நிற்க வைத்தேன். கையுறை போட்டுக்கொண்டு நான் பக்கம் புரட்டுகிற விதத்தைப் பார்த்து, ஒரு ஆச்சி தன் கண் பரிசோதனையையும் நானே செய்வேனோ என்று கேட்டார்.

வாசித்தும் காட்டினேன். அந்தப் பழைய அச்சில் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'எஸ்' எழுத்து 'எஃப்' மாதிரியே இருக்கும். நான் பார்த்ததைப் பார்த்தபடி வாசித்தேன். 'சன்' என்று சூரியன் வரவேண்டிய இடமெல்லாம் 'ஃபன்' என்று வேடிக்கை வந்தது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அதனாலேயே மதிப்பு இன்னும் கூடியது.

ஆண்டுவிழா நெருங்கியது. சபைக் கோவிலின் ஓடு ஒழுகத் தொடங்கியதால் புத்தகத்தை எங்கே வைப்பது என்று சபைக்குழு கூடிக் கதைத்தது. பெறுமதி தெரிந்தவன் வீட்டில் இருப்பதே பாதுகாப்பு என்று முடிவாயிற்று. முடிவை முன்மொழிந்தவன் நான்.

அம்மா தன் கூறைச் சேலையை இடம்மாற்றி அலுமாரியில் இடம் கொடுத்தார். மாரி காலம். நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் அலுமாரியைத் திறந்தால் தோல் அட்டையில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. சாமுவேல் அங்கிள் வர இரண்டு நாள்தான் இருந்தது. அட்டையைத் துணியால் துடைத்தேன். பூச்சி பிடிக்காமல் இருக்கப் பக்கங்களுக்கிடையே வேப்பிலை வைத்தேன். ஓரிரண்டு இலை அல்ல, கொத்துக் கொத்தாக. மறுநாள் காலை நல்ல வெயில் எறித்தது. புத்தகத்தை முற்றத்தில் ஒரு கதிரையில் விரித்து வைத்துவிட்டு, பத்து நிமிடம்தானே என்று முகச்சவரம் செய்ய உள்ளே போனேன்.

எங்கள் ஒழுங்கையில் மான்கள் திரிவதை வெளியூர்க்காரர்தான் அதிசயமாகப் பார்ப்பார்கள். எங்களுக்கு அவை கிளைக்கொம்பு வைத்த ஆடுகள். வாழைப்பழத்தோல், மட்டைப்பெட்டி, கொடியில் காயும் துவாய், எதையும் விடமாட்டா. இதெல்லாம் எனக்குப் பிறந்த நாள் முதல் தெரியும். வாசல் படலையைச் சாத்தவேண்டும் என்பதும் தெரியும்.

குசினி யன்னலில் இருந்து அம்மாவின் குரல் கேட்டது. பதற்றமே இல்லாத குரல்.

"தம்பி, உன்ர பைபிளை ஒரு மான் வாசிக்குது."

பாதி முகத்தில் சவுக்கார நுரையோடு ஓடினேன். ஒரு கொம்பன் மான் கதிரைக்கு முன்னால் தலை குனிந்து, பக்தியோடு மென்றுகொண்டிருந்தது. வேப்பிலையை உருவும்போது பக்கமும் சேர்ந்து வந்திருக்கிறது. நான் கத்தியதும் அது நிமிர்ந்து பார்த்தது. வாயின் ஓரத்தில் அரைத் தேவதூதன் தொங்கினான். நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவனையும் உள்ளே இழுத்துக்கொண்டு படலையால் வெளியே போய்விட்டது.

எண்ணிப் பார்த்தேன். பதினொரு தாள்களை முழுதாகக் காணவில்லை. வேறு சில பக்கங்களில் கடித்த அரைவட்டங்கள். தோல் அட்டையின் மூலையில் பல் பதிந்திருந்தது.

"ஒட்டேலாதோ?" என்றார் அம்மா.

"எதை எதோட ஒட்டுறது அம்மா? மிச்சம் மானுக்குள்ள கிடக்கு."

அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. படகேறி அக்கரையில் இருக்கும் மூதூருக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். (மூதூரில் எனக்கு யாரையும் தெரியாது. அதனால்தான் அந்த ஊர் நினைவு வந்தது.) உலகத்தில் எத்தனையோ தீயிலும் வெள்ளத்திலும் தப்பிய ஒன்று, என் கையில் வந்து ஒரு மாதம் தாங்கவில்லை என்ற எண்ணம் சோறு இறங்கவிடவில்லை. கடைசியில் அம்மாதான் சொன்னார்.

"மேடையில ஏறிப் பெருமை கதைச்சனி. மேடையில ஏறியே இதையும் சொல்லு. வீடு வீடாய்ப் போய்ச் சொல்ல ஏலுமே?"

ஆண்டுவிழா ஞாயிறன்று கோவிலில் இருக்க இடமில்லை. சாமுவேல் அங்கிள் கோட் போட்டுக்கொண்டு இரண்டாம் வரிசையில் வியர்த்துக்கொண்டிருந்தார். போதகர் வாசிக்க அழைத்ததும், புத்தகத்தைப் பூப்போட்ட விரிப்பில் சுற்றி அணைத்துக்கொண்டு மேடையேறினேன். மைக்கைப் பிடித்தேன்.

"இத்தனை நூற்றாண்டு உயிரோட இருந்த மூலப்பிரதியை..." என்று தொடங்கினேன். "என்ர கவலையீனத்தால... எங்கட முற்றத்தில வைச்சு... ஒரு மான்..."

அதற்கு மேல் அழுகைதான். விரிப்பை விலக்கிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். கடிபட்ட பக்கங்கள் விசிறி மாதிரி விரிந்தன. ரஞ்சிதம் அக்கா "ஐயோ ஆண்டவரே" என்று நெஞ்சில் கைவைத்தார்.

சாமுவேல் அங்கிள் மெதுவாக எழுந்தார்.

"தம்பி, எந்த மூலப்பிரதி?"

"நீங்கள் அனுப்பினது, அங்கிள்."

"நான் அனுப்பினது போன வருஷம் அச்சடிச்சதெல்லோ."

நான் பாதி போயிருந்த முதற்பக்கத்தைத் திறந்து, அடியில் மிஞ்சியிருந்த ஆண்டைக் காட்டினேன். அவர் மேடைக்கு வந்து, பொறுமையாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். அங்கே, கண்ணாடி இல்லாமலே வாசிக்கக்கூடிய தெளிவான நவீன ஆங்கிலத்தில், இது ஃபாக்சிமிலி, அதாவது பழைய பதிப்பொன்றின் அச்சு அசலான நகல் என்றும், சென்ற வருடம் அச்சிட்டுத் தோலில் கட்டியது என்றும் இருந்தது. கறுப்புக் கோட்டுச் சீட்டைக் காட்டி, "இது கடையில விலை பார்க்கிற சீட்டு" என்றார். "அசலை எனக்கு ஆர் தரப்போகினம்? நான் கிரேன் ஓட்டினவன், தம்பி. பெட்டிக்குள்ள ஒரு துண்டுப்பிரசுரம் வைச்சிருந்தாங்களே, ஒருத்தரும் வாசிக்கேல்லையோ?"

போதகர் என்னைப் பார்த்தார். சபை என்னைப் பார்த்தது. நான் மைக்கைப் பார்த்தேன். அது இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. எல்லாம் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டிருக்கிறது.

போதகர்தான் புத்தகத்தை வாங்கி, எந்தப் பகுதி போய்விட்டது என்று முன்னும் பின்னும் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. "பழைய ஏற்பாட்டில, எந்தெந்த மிருகத்தைத் தின்னலாம் எண்டு ஒரு பட்டியல் வருகுது" என்றார் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அதில மானும் இருக்கு. அந்தப் பக்கம்தான் இல்லை."

அதற்குப் பிறகு ஆராதனை ஒழுங்காக நடக்கவில்லை. காணிக்கைப் பாட்டின் நடுவிலும் யாராவது ஒருவர் சிரித்தார். பாடகர் குழுவில் இருவர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்வரிசையிலேயே இருந்தேன். வெட்கம் ஒரு பக்கம். ஆனால் ஒரு மாதமாகத் தலையில் சுமந்த பாரம் இறங்கியது மாதிரியும் இருந்தது. அன்று மத்தியானம் சபை விருந்தில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

கனடா திரும்புமுன் சாமுவேல் அங்கிள் வீட்டுக்கு வந்தார். அம்மா தந்த தேநீரைக் குடித்துவிட்டுப் புத்தகத்தைத் தடவிப் பார்த்தார்.

"கோவிலுக்கு நான் வேற ஒண்டு அனுப்புறன். இது உம்மட்ட இருக்கட்டும்."

"வேண்டாம் அங்கிள். பார்க்கப் பார்க்க வெட்கமாக் கிடக்கு."

"விசர்க்கதை கதையாதேயும். இதே மாதிரி ஆயிரக்கணக்கில அடிச்சிருப்பாங்கள். மான் கடிச்சது உலகத்திலயே இது ஒண்டுதான். இப்பதான் இது அசல்."

அப்படித்தான் அது எங்கள் வீட்டில் தங்கியது. என் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் பேச வந்தபோதும் அதைத்தான் முதலில் பார்க்கக் கேட்டார்கள். மாப்பிள்ளையைப் பிறகு பார்த்தார்கள்.

போன மாதம் என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்து போனேன். வகுப்பாசிரியை எங்கள் சபைதான். மகள் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்குக் கொப்பியை மான் திண்டிட்டுது எண்டு பிள்ளை சொல்லுறா" என்றார் ஆசிரியை. "வேற பிள்ளை எண்டால் அந்த இடத்திலயே ஏசி இருப்பன். உங்கட வீடு எண்டபடியால்தான் கூப்பிட்டுக் கேட்கிறன், சேர்."

மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"எத்தனை பக்கம் போச்சுது?" என்று கேட்டேன்.