இரண்டு பக்கமும் நியாயம்

சண்டை மூட்டுகிறவர்களை நமக்குத் தெரியும், கண்டதும் ஒதுங்கிக்கொள்ளலாம். சண்டையைத் தீர்த்துவைக்கிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது பாருங்கள், அவரிடமிருந்துதான் தப்ப முடியாது. ஊருக்கு ஒருவர், அலுவலகத்துக்கு இருவர் உண்டு. விளையாட்டு அணியாக இருந்தால் மேனேஜரே அவர்தான்.

ஃபிஜியில், ஒரு சர்க்கரை ஆலையின் ரக்பி அணிக்கு இசிகேலி மேனேஜர். யார் முகம் சுளித்தாலும் அவருக்கு மரவள்ளிக்கிழங்கு தொண்டையில் இறங்காது. அடித்தவனிடம் போய்த் தோளைத் தட்டி, "உன் பக்கம்தான் நியாயம்னு எனக்குத் தெரியாதா?" என்பார், அங்கிருந்து நேரே அடிபட்டவனிடம் போய், அதே கையால் தோளைத் தட்டி, அதே குரலில், அதே வாக்கியத்தைச் சொல்வார். பொய்யா? சேச்சே. சொல்லும்போது இரண்டு இடத்திலும் அவர் கண் கலங்கியிருக்கும்.

இறுதிப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது கேப்டன் நெதானிக்கும் புள்ளிக்காகக் கோலுக்குப் பந்தை உதைக்கிற வில்லிகேசாவுக்கும் முட்டிக்கொண்டது. பயிற்சியில் ஒரு குறி தப்பியதற்காக, "உன் காலா அது, களிமண்ணா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான் கேப்டன். இனி நானே உதைப்பேன் என்றும் அறிவித்தான். வில்லிகேசா அன்றிலிருந்து அவனுக்குப் பந்தே கொடுக்கவில்லை. அணி முதல்முறையாக இறுதிக்கு வந்திருக்கிறது. இசிகேலிக்குத் தூக்கம் போனது.

மன்னிப்புக் கேட்கிறவன், இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரில் ஒரு கட்டு கொண்டுபோய்ப் பாயில் வைக்க வேண்டும். மற்றவன் கைதட்டி எடுத்துக்கொண்டால் பகை முடிந்தது. அது அவர்கள் வழக்கம். இசிகேலி சந்தைக்குப் போனார். ஒன்றல்ல, இரண்டு கட்டு வாங்கினார்.

"நெதானி அனுப்பினான்பா. நேர்ல வர வெக்கமா இருக்காம்," என்றார் வில்லிகேசாவிடம்.

"அப்படி வா வழிக்கு! அப்ப நான்தானே உதைக்கிறேன்?"

"பின்னே? ஆனா அவன்கிட்ட இதப் பத்திப் பேசிடாதே. மனசு நோகும்."

கேப்டன் வீட்டில் இதே நாடகம், பெயர் மட்டும் மாற்றி. மறுநாளிலிருந்து இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டார்கள். இசிகேலி வயிறாரச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை. கடைசி நிமிடம், இரண்டு புள்ளி பின்னால் இருக்கையில் ஒரு பெனால்டி கிடைத்தது. கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் மூன்று புள்ளி, கோப்பை. ஒரு நிமிடத்துக்குள் உதைக்க வேண்டும். பந்தை நோக்கி இருவருமே நடந்தார்கள்.

"தள்ளு மச்சான், நான் உதைக்கிறேன்," என்றான் வில்லிகேசா.

"வேர்க்கட்டு அனுப்பிக் கெஞ்சினவனுக்கு எதுக்குடா இந்த வீறாப்பு?"

"நானா அனுப்பினேன்? நீ அனுப்பினத நேத்தே இடிச்சுக் குடிச்சாச்சுடா!"

இருவரும் ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். இசிகேலி குனிந்து மும்முரமாக ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். காலில் இருந்ததோ செருப்பு.

நடுவர் விசில் ஊதினார். நிமிடம் முடிந்தது, உதை போனது, கோப்பையும் போனது.

அன்று மாலை நெதானியும் வில்லிகேசாவும் ஒரே யங்கோனாக் கிண்ணத்தைச் சுற்றித் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஒரே குரலில் இசிகேலியைத் திட்டினார்கள். அவர் வாசலில் தலையை நீட்டினார்.

"அண்ணே, அங்கேயே நில்லுங்க!"

நின்றார். பாவம், நிஜமாகவே அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அணியை ஏற்றிவந்த பஸ் டிரைவரிடம், "பாத்தியா, ரெண்டு பேரையும் சேத்து வெச்சுட்டேன்," என்றார்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். போன வாரம், உங்கள் அக்காவோடு மனத்தாங்கலில் இருக்கிற தம்பி மனைவிக்குப் போன் போட்டு, "அக்கா மனசுல ஒண்ணுமில்லம்மா, உன்னைப் பத்தி உசத்தியாத்தான் பேசினாங்க," என்றீர்களே. அக்கா அப்படிப் பேசியதை நீங்கள் எப்போது கேட்டீர்கள்?