ஓடாமை காத்தல்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. யார் வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய எளிய வேலை அது. ஆனால் உருள்வதற்கென்றே உண்டான அந்தப் பொருளை உருளவிடாமல் நிறுத்திக் காப்பதற்கு, மனித குலம் தக்க ஒருவருக்காக நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவரே தொன்மை வாகனப் பாதுகாப்புப் பேரவையின் தலைவர். பேரவையில் அவரையும் சேர்த்து நால்வர் இருந்தனர். நால்வரும் ஆளுக்கொரு பதவி வகித்தமையால், உறுப்பினர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் மிஞ்சவில்லை.

இந்தப் பெருமையில் தலைவரின் துணைவியாருக்கும் ஒரு பங்கு உண்டு. பேரவை பாதுகாத்த ஒரே வண்டி அவருடைய அப்பாவுடையது.

அப்பா கால்நடை மருத்துவர். வெண்ணெய் நிறமும் உருண்டை விளக்குகளும் கொண்ட அந்த வண்டியில் மருந்துப் பெட்டிகளும், சேற்றுக் காலணிகளும், ஒருமுறை கால் முறிந்த கன்று ஒன்றும் பயணம் செய்திருந்தன. கன்றின் குளம்பு பட்டுப் பின்னிருக்கையில் விழுந்த கீறல் இன்னமும் இருந்தது. பார்க்க வருபவர்களிடம் தலைவர் அதை, ‘ஒரு பிரபுவின் கைத்தடி பட்ட தழும்பு’ என்று அறிமுகப்படுத்துவார். துணைவியார் திருத்தியதில்லை. கன்றுக்கும் கொஞ்சம் கௌரவம் கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

துணைவியார் ஓட்டக் கற்றதும் அந்த வண்டியில்தான். அம்மாவுக்கு அது பிடிக்காது. அப்பாவும் மகளும் எவ்வளவு தூரம் சுற்றினார்கள் என்று மாலைதோறும் வந்து மீட்டரைப் பார்ப்பார்; காலையில் இருந்த எண்ணே மாலையிலும் இருக்கும்; சமாதானமாகி உள்ளே போய்விடுவார். அப்பாவிடம் அதற்கொரு வழி இருந்தது.

அப்பாவுக்குப் பின் வண்டி மகளிடம் வந்தது. அதாவது, மருமகனிடம் போயிற்று. அவர் அதைச் சீரமைத்தார், மெருகேற்றினார், மீட்டரைச் சுழியத்துக்குத் திருப்பினார், பிறகு நிறுத்தினார். நிறுத்தியது நிறுத்தியதுதான். வண்டிக் கொட்டகைக்கு ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் வாங்கப்பட்டது. படுக்கையறையில் பழைய மின்விசிறியே சுற்றியது. ஞாயிறுதோறும் தலைவர் ஜன்னல் வழியே கையை மட்டும் நுழைத்துச் சாவியைத் திருப்புவார். நின்ற இடத்திலேயே எஞ்சின் உறுமும். நிர்வாகிகள் நால்வரும் கண்மூடிக் கேட்பார்கள். உள்ளே உட்காருவது பேரவை விதிகளுக்கு முரணானது. துணைவியாருக்கும் விதி விலக்கு அளிக்கப்படவில்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம்.

இவ்வாறு ஆண்டுகள் நகர, வண்டி நகராதிருக்க, ஒரு நாள் கண் மருத்துவர் துணைவியாரிடம் தாளை நீட்டினார்.

“இந்தத் தடவை லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேம்மா. அடுத்த தடவை வந்து கேட்காதீங்க. எதாவது ஓட்டணும்னு ஆசை இருந்தா இப்பவே ஓட்டிடுங்க.”

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கொட்டகையில் போர்வைக்குள் இருந்தது.

அந்த வாரமே தொலைதூர நகரம் ஒன்றிலிருந்து தொன்மை வாகன மாநாட்டின் அழைப்பு வந்தது. ‘சீரமைத்தபின் மிகக் குறைந்த தூரம் ஓடிய வண்டி’க்கு அங்கே கேடயம் வழங்கப்படும் என்று படித்ததும் தலைவர் அழைப்பைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பட்டறையிலிருந்து கொட்டகைக்கு வந்ததைத் தவிர அவருடைய வண்டி எங்கும் சென்றதில்லை. இந்தத் தகுதி வேறு யாருக்கு உண்டு?

“என்னங்க,” என்றார் துணைவியார், “அந்த ஊரைத் தாண்டினா கடற்கரைச் சாலை வரும். சின்ன வயசுல அப்பா அங்கல்லாம் கூட்டிட்டுப் போயிருக்காரு. வண்டியை நான் ஓட்டிட்டு வரட்டுமா?”

தலைவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“எதை?”

“வண்டியை.”

“ஓட்டியா?”

“வண்டின்னா ஓட்டித்தானேங்க...”

“இந்த மாதிரி பேசி என் பிரஷரை ஏத்தாதே. பெத்த பிள்ளையை யாராவது ரோட்டுல விடுவாங்களா?”

“நாம பெத்த பிள்ளை காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ரோட்டுலதாங்க இருக்கான். பார்சல் டெலிவரி பண்றான்.”

“அவன் வேற, இது வேற. அவனுக்கு உதிரிபாகம் கிடைக்கும்.”

வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புவது என்று முடிவாயிற்று. அதற்கென ஒரு நிறுவனமும் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் பெயர்ப் பலகையில் லாரி என்ற எளிய சொல் எங்கும் இல்லை. ‘முழுமை நகர்வுத் தீர்வுகள்’ என்றே எழுதியிருந்தது. கண்ணாடிக் கதவு, பிளாஸ்டிக் செடி, மேசை மேல் பொம்மை லாரி ஒன்று. அந்த நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரே லாரி அதுதான் என்பது பின்னால் தெரியவந்தது.

“எங்ககிட்ட ஒப்படைச்சீங்கன்னா,” என்றார் பொறுப்பாளர், “ஊர் மாறினது வண்டிக்கே தெரியாது சார்.”

தலைவர் நெகிழ்ந்தார். “லாரி மூடினதா, திறந்ததா?”

“மூடினது சார். காத்துகூட கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வரும்.”

“இதுக்கு முன்னாடி என்ன ஏத்தினீங்க?”

“சுத்தமான லோடு சார்.”

“அதான், என்ன லோடு?”

“வெங்காயம். ஆனா முதல் தரம்.”

“வாடை வருமே!”

“கழுவிட்டு ரோஜா வாசனை அடிச்சிருக்கோம். இப்போ ரெண்டும் கலந்து ஒரு மாதிரி நல்லாவே இருக்கு.”

துணைவியார் பொம்மை லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “லாரி உங்களோடதாங்க?”

பொறுப்பாளரின் முகம் வாடியது. “லாரியெல்லாம் நாங்க வெச்சுக்கறதில்லைம்மா. நாங்க தீர்வு. லாரி வெச்சிருக்கறவரைத் தெரிஞ்ச ஒருத்தரை எங்களுக்குத் தெரியும்.”

“வழியில ஏதாவது ஆச்சுன்னா?”

“தைரியமா எங்களைக் கூப்பிடுங்க. நாங்க அவரைக் கூப்பிடுவோம். அவர் இன்னொருத்தரைக் கூப்பிடுவாரு. யாருமே சும்மா இருக்க மாட்டோம்.”

ஒரு வண்டிக்காக இத்தனை பேர் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் அமைப்பைக் கண்டு தலைவர் அப்போதே கையெழுத்திட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் எப்படி சார் போறீங்க?”

“பஸ்ல. கடைசி வரிசைதான் கிடைச்சுது. தூக்கித் தூக்கிப் போடும். பரவாயில்லை, எங்களுக்கு என்ன, பெயிண்டா போயிடப் போகுது?”

லாரி வந்த அன்று பேரவையின் நான்கு பதவிகளும் வாசலில் கூடின. வண்டியை எஞ்சின் போட்டு ஏற்றுவது ‘ஓட்டம்’ ஆகும் என்றும், கையால் தள்ளி ஏற்றுவது ‘நகர்வு’ மட்டுமே என்றும் துணைத் தலைவர் விளக்கமளித்தார். அனைவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டனர்.

லாரி ஓட்டுநர் பலகைச் சரிவைப் போட்டுவிட்டு, காதில் செருகிய பீடியை எடுத்தார். தலைவரின் பார்வையைக் கண்டு மறுபடி செருகிக்கொண்டார்.

“தாராளமா தள்ளுங்க. ஆனா உள்ள ஒருத்தர் உக்காந்து ஸ்டியரிங் பிடிக்கணும். சறுக்கினா பிரேக் போடணும். யாரு உக்கார்றீங்க?”

பேரவை தன்னைத்தானே பார்த்துக்கொண்டது.

“எனக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் வரும்,” என்றார் செயலாளர்.

“எனக்கு டிரைவர் உண்டு,” என்றார் பொருளாளர். “இன்னைக்கு லீவு.”

“எனக்கு இதோட வரலாறு முழுக்கத் தெரியும்,” என்றார் துணைத் தலைவர். “பெடல்தான் எது எதுன்னு தெரியாது.”

தலைவர் மேகங்களை ஆராய்ந்தார். கையை நுழைத்துச் சாவி திருப்புவதைத் தாண்டி அவரும் அந்த வண்டிக்குள் போனதில்லை. தொன்மையைக் காக்கும் நால்வருக்கும் அதை ஓட்டத் தெரியாது என்பது, அதன் பாதுகாப்புக்கு எப்பேர்ப்பட்ட உத்தரவாதம்!

துணைவியார் முன்னே வந்து கதவைத் திறந்தார்.

“செருப்பு! செருப்பைக் கழட்டு!” என்று தலைவர் பதறினார். “சீட்டுல சாயாதே. ஸ்டியரிங்கை அழுத்திப் பிடிக்காதே.”

“மூச்சு விடலாமா?”

“மெதுவா விடு.”

நால்வரும் தள்ள, வண்டி சரிவில் ஏறிற்று. அது எந்தப் பக்கம் இழுக்கும், எங்கே தளர்ந்து கொடுக்கும் என்று துணைவியாரின் கைகளுக்கு இன்னும் நினைவிருந்தது. லாரியின் இருட்டுக்குள் வெங்காயமும் ரோஜாவும் மணக்க, இறங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

“இறங்குங்கம்மா,” என்றார் ஓட்டுநர், “கதவைச் சாத்தணும்.”

இறங்கினார்.

பஸ்ஸில் தலைவர் கைப்பேசியை விட்டுக் கண் எடுக்கவில்லை. லாரி செல்லும் வழியை ஒரு நீலப் புள்ளி காட்டிக்கொண்டிருந்தது. விடிந்தபோது அப்புள்ளி மாநாட்டு நகரத்தின் விளிம்பை எட்டி, அங்கேயே நின்றது. மனைவியைத் தட்டி எழுப்பினார்.

“பார்த்தியா? என்ன நிதானமா ஓட்டுறான்! அரை மணியா ஒரு இம்மி அசையலை. இந்தப் பொறுப்பு இந்தக் காலத்துல யாருக்கு வரும்?”

“நின்னுட்டிருக்குங்க.”

“நிதானத்துக்கும் நிக்கறதுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாது.”

பஸ் நகரத்துக்குள் நுழைந்தபின்னும் புள்ளி நிதானம் தவறவில்லை. தலைவர் பொறுப்பாளரைக் கூப்பிட்டார்.

“கவலையே படாதீங்க சார். அச்சு உடைஞ்சு லாரி நின்னுடுச்சு. உங்க வண்டி அசையவே இல்லை. நாங்க சொன்ன சொல் காப்பாத்திட்டோம்.”

“மாத்து லாரி?”

“நாளைக்கு. அவரைக் கூப்பிட்டிருக்கோம்.”

“பகல் பன்னிரண்டு மணிக்கு மேல மாநாட்டுல வண்டியை உள்ள விட மாட்டாங்கய்யா!”

“சரி சார், அப்போ இன்னொரு தடவை கூப்பிடறோம்.”

ஆட்டோ பிடித்து ஓடினார்கள். நகருக்கு வெளியே ஒரு மேட்டுச் சாலையில் லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஓட்டுநர் மரத்தடியில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். இங்கேர்ந்து கொஞ்ச தூரம்தான். உங்க வண்டிக்கு என்ன, ஜம்முனு இருக்கு. இறக்கித் தர்றேன், ஓட்டிட்டுப் போயிடுங்களேன்.”

“ஓட்டிட்டா!” தலைவர் லாரியைப் பிடித்துக்கொண்டார். ஓட்டினால் மீட்டர் ஏறும்; கேடயம் போகும். ஓட்டாவிட்டால் நேரம் போகும். அப்போதும் கேடயம் போகும். பேரவையின் அவசரக் கூட்டம் தொலைபேசியில் கூட்டப்பட்டது. கட்டி இழுக்கலாம் என்றார் துணைத் தலைவர். இழுத்தாலும் சக்கரம் சுற்றும் என்று நிராகரிக்கப்பட்டது. ஆள் பிடித்துத் தூக்கிப் போகலாம் என்றார் செயலாளர். எத்தனை ஆள் என்று பொருளாளர் கணக்குப் போடத் தொடங்கினார்.

“மீட்டருக்குப் போற கேபிளைக் கழட்டிட்டா,” என்றார் துணைவியார், யாரையும் பார்க்காமல், “சக்கரம் சுத்தினாலும் மீட்டர் ஓடாதுங்க.”

தொலைபேசியின் மறுமுனையில் பொருளாளர் ஆள் கணக்கை நிறுத்தினார்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அப்பா கழட்டுவாரு. அம்மா வந்து பார்க்கறதுக்குள்ள மாட்டிடுவாரு.”

இது ஏமாற்று வேலை ஆகாதா என்ற ஐயத்தைச் செயலாளர் எழுப்பினார். நேர்மையைத் தன் உயிராகக் கருதும் பேரவை, அந்த ஐயத்தைப் போக்கும் பொருட்டுப் பின்வரும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது:

‘மீட்டரில் பதிவாகும் தூரமே தூரம் எனக் கொள்ளப்படும். பதிவாகாதவிடத்து, வண்டி எங்கே காணப்படினும், அது முன்பு நிறுத்தப்பட்ட இடத்திலேயே இருப்பதாகக் கருதப்படும்.’

தலைவர் அதை இருமுறை உரக்கப் படித்தார். மறுமுனையில் கைதட்டல் கேட்டது. தத்துவமும் சட்டமும் இவ்வளவு அழகாகக் கைகோத்ததை அந்த மேட்டுச் சாலை அதற்குமுன் கண்டிருக்காது.

துணைவியார் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, கைக்குட்டையால் மரையைப் பிடித்துத் திருகினார். கேபிள் கழன்று கையோடு வந்தது. வண்டி சரிவில் பின்னோக்கி இறங்கிற்று. தலைவர் பின்னிருக்கையில், பிரபுவின் தழும்புக்குப் பக்கத்தில், எதன்மீதும் படாமல் உட்கார முயன்றார்.

“எதைப் பிடிச்சுக்கிறது?”

“வாயை முதல்ல பிடிச்சுக்கோங்க,” என்று துணைவியார் கியரைப் போட்டார்.

வண்டி ஒரு முறை இருமியது. பிறகு, இத்தனை காலம் யாருக்காகவோ அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவதுபோலக் கிளம்பிற்று. மேட்டிலிருந்து இறங்கும்போது காற்று ஜன்னல் வழியே புகுந்து தலைவரின் பேரவைச் சின்னம் குத்திய கழுத்துப் பட்டையைத் தூக்கி அவர் முகத்திலேயே அடித்தது. வழியில் ஒரு பள்ளிக்கூடச் சுவர் முழுக்கப் பிள்ளைகள் ஏறி நின்று கத்தினார்கள். துணைவியார் ஹாரனை அழுத்தினார். அந்த ஹாரனின் குரலைத் தலைவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

“மெதுவா! எவ்வளவு வேகத்துல போற?”

“தெரியலையேங்க. கேபிளைக் கழட்டியாச்சே, முள்ளு ஜீரோவுல நிக்குது.”

மாநாட்டு மைதானத்தின் வரவேற்பு வளைவு தெரிந்தது. தொண்டர்கள் கயிற்றைத் தூக்கி, கொடியை அசைத்து, ‘உள்ளே உள்ளே’ என்று சைகை காட்டினார்கள். பன்னிரண்டு ஆக இன்னும் நேரம் இருந்தது. உள்ளே வரிசை வரிசையாகப் பளபளக்கும் வண்டிகள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்புக் கயிறு. ஒவ்வொன்றின் முன்னும் ‘தொடாதீர்கள்’ என்ற பலகை. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு தலைவர். சற்றுத் தள்ளி, பையை மடியில் வைத்தபடி ஒரு துணைவியார்.

ஸ்டியரிங் பிடித்திருந்த துணைவியார் வேகத்தைக் குறைத்து அந்த வரிசையை ஒரு முறை பார்த்தார். பிறகு கியரை மாற்றினார். வளைவு பக்கவாட்டில் வந்து, பின்னால் போயிற்று.

“ஏய்! வளைவு அங்க! தாண்டிட்டே!”

“பார்த்தேங்க.”

“நிறுத்து! மூடிடுவாங்க! கேடயம்... ஏய், எங்க போற நீ?”

எதிரே சாலை அகன்று கொடுத்தது. காற்றில் உப்பு வாசனை வந்தது. துணைவியார் கண்ணாடியில் தலைவரின் முகத்தைத் தேடிப் பிடித்தார்.

“நான் எங்கங்க போறேன்? மீட்டரைப் பாருங்க. நீங்கதானே தீர்மானம் போட்டீங்க? கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க நிறுத்தி வெச்ச எடத்துலயேதான் நான் இருக்கேன்.”