பனிக்கோட்டை யாருடைய சீதனம்?

குருக்கள்மடம்
10.07.2011

மதிப்புக்குரிய மச்சான் வினாயகமூர்த்தி அவர்களுக்கு,

நாவற்குடாவில் எல்லோரும், உங்கள் முழங்கால் உட்பட, சுகமென நம்பி அழகரத்தினம் எழுதுவது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், உங்கள் தங்கச்சிக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் ஒரு வரலாற்று முடிவு எடுக்கப்பட்டது. ‘பனிக்கோட்டை’ நாடகம் ஓடும்போது இனி விளம்பரத்தில் மட்டுமே வாய் திறப்பது. மகள் கஜானி முன்மொழிந்தாள். காத்தான்குடியிலிருந்து புடவை கொண்டுவரும் பஹ்மி வழிமொழிந்தார். யுத்தம் முடிந்த இந்த இரண்டு வருடத்தில் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்ட ஒரே ஒப்பந்தம் இதுதான் என்பது என் கணிப்பு. அதனால்தான் இப்போது என் வீட்டு உறுதிப் பத்திரத்துக்கே ஆபத்து வந்திருக்கிறது.

நாடகம் இதுதான்: தமிழ் பேசும் வெள்ளைக்காரர்கள், மேலே பறக்கும் நாகம், கீழே ஒரு சிம்மாசனம். அரசன் செத்துவிட்டான். மகன் எனக்கு என்கிறான், அரசனின் தம்பி எனக்கு என்கிறான், மந்திரி இருவருக்கும் நஞ்சு கலக்கிறார், மகளை யாரும் கேட்கவில்லை. அடக்கிவைத்த பேச்சு முழுவதும் விளம்பரத்தில் வெடித்தது.

“மகளுக்குக் குடுக்காம இவனுகள் என்னத்துக்கு வெட்டுப்படுறானுகள்?” என்றாள் உங்கள் தங்கச்சி கேதீஸ்வரி.

“எங்கட ஊர்லயும் அதுதானக்கா சட்டம்,” என்றார் பஹ்மி. “கட்டுறவன் வாப்பா, இருக்கிறவ மகள். நான் ரெண்டு வீடு கட்டிட்டன், எனக்கெண்டு ஒரு சாய்மனைக் கதிரைதான்.”

அங்கே நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்தவனிடம் எல்லோரும் தீர்ப்புக் கேட்டால் என்ன செய்வது? எழுந்து நின்று விளக்கினேன். கோட்டை மகாராணியின் சீதனம். அரசன் கல்யாணம் கட்டிவந்து குடியிருந்தவன். அவன் பேரில் ஓலை இருந்தால் அது எழுதியவனின் பிழை. ஆகவே கோட்டை இளவரசிக்கே. கைதட்டினார்கள். கஜானி மட்டும் தட்டவில்லை.

“அப்பா, அப்ப இந்த வீடு?”

உங்களுக்குத் தெரியும் மச்சான். உங்கள் தங்கச்சியின் சீதன வீட்டைக் கடல் கொண்டுபோனது. நாங்கள் அன்று கொக்கட்டிச்சோலையில் நின்றதால் ஆட்கள் மிஞ்சினோம். புது வீடு தந்தவர்கள் ‘குடும்பத் தலைவர்’ யார் என்று கேட்டார்கள். நான் கையை உயர்த்தினேன். ஐந்து வருடமாக, நம் சொந்தத்தில் தன் பேரில் உள்ள வீட்டில் தூங்கும் முதல் ஆண்பிள்ளை நான். சுவரில் ஆணி அடிக்க யாரையும் கேட்பதில்லை.

“அது வேற, இது வேற,” என்றேன்.

“மந்திரி மாதிரிக் கதைக்காதீங்க,” என்றாள் உங்கள் தங்கச்சி. “ஆவணியில புள்ளைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைய எங்க இருத்துற, தபால் கந்தோர்லயா?”

பஹ்மி அந்த நேரம் பார்த்துக் கூறைச்சேலைக்கு என்ன நிறம் என்று கேட்டார்.

ஆகவே வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள். தாய்மாமன் சொன்னால் எடுபடும். “உறுதி அவர்ட பேர்லயே கிடக்கட்டும்” என்ற ஒரு வசனம் போதும். இருபத்தேழு வருடமாக மனைவியின் வீட்டில் இருப்பவர் நீங்கள். என் மனம் உங்களுக்கு விளங்கும்.

தான்தோன்றீசுவரர் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும், நேரமிருந்தால் என் உறுதியையும்.

இப்படிக்கு,
வீட்டுச் சொந்தக்காரன்,
அழகரத்தினம்

பி.கு.: கடித உறையை ஒட்டப் பசை தேடிய இடைவெளியில் கேதீஸ்வரி இதை வாசித்து, இரண்டு எழுத்துப்பிழையும் திருத்தினாள். அது நடந்து மூன்று நாள். நீங்கள் வரத் தேவையில்லை. நேற்று உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய்வந்தோம். கஜானி அழுதாள், நானும் கொஞ்சம். நாடகத்தில் அவர்கள் இன்னும் வெட்டுப்படுகிறார்கள். இனி விலாசத்தை இப்படிப் போடவும்: அழகரத்தினம், கஜானி வீடு, குருக்கள்மடம்.