வால்டர் பிரபு வீடு திரும்பிய விதம்

இங்கிலாந்திலேயே யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு பழைய ஆங்கிலேயப் பிரபுவுக்காக, வளைகுடாவின் ராஸ் அல் கைமாவில் ஒருவர் வருடம் தவறாமல் திவசம் செய்தார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அவருக்குப் பயந்து அன்றைக்கு நானும் கோழிக்குழம்பைத் தியாகம் செய்திருக்கிறேன்.

எண்பதுகளில் சிமென்ட் ஆலை கேம்பில் அவர் என் ரூம்மேட். யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டோர்கீப்பர். 'பிரபு' என்றால்தான் கேம்புக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இங்கிலாந்து சரித்திரம் படித்தவர். அதில் வந்த வால்டர் என்ற பிரபு, பல நூறு வருடங்களுக்கு முன் பிரான்சுக்குச் சண்டைக்குப் போனவர், இவரை மட்டும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

ஏசி நின்று நாங்கள் துடித்தால், மேல் கட்டிலிலிருந்து குரல் வரும். "ஐசே, இரும்புச் சட்டைக்குள்ள நிண்ட வால்டருக்கு ஆர் ஏசி போட்டது?" மெஸ்ஸில் பருப்பு தண்ணீராக இருந்தால், முற்றுகையில் வால்டர் குதிரை இறைச்சி தின்ற கதை வரும். வால்டரின் மனைவி கோட்டையைச் சூழ்ந்தவர்கள் தலையில் கொதிநீர் ஊற்றிய கதைக்கு நேரம் காலமே கிடையாது. வால்டரின் மூத்த மகன் ஊதாரி, இளையவன் பாதிரியார், மகளைக் கொடுத்த இடம் சரியில்லை என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. "மூத்தவன் இப்பவாவது திருந்தினானா?" என்று தஞ்சாவூர் சமையல்காரர் அக்கறையாக விசாரிப்பார்.

திவசத்தன்று சமையல்காரரே கேட்டும் விட்டார். "ஏன் பிரபு, வெள்ளைக்காரனுக்கு வடை பாயசமா?"

"அவரின்ரை சனம் ஆராவது செய்யினமோ? நாங்களாவது செய்வம்."

வடையைச் சாப்பிட்டோம்.

எனக்கு முதல் லீவு வந்தது. மனைவி மாசமாக இருக்கும்போது கிளம்பி வந்தவன் நான். மகள் பிறந்து, நடந்து, பேசவும் தொடங்கிவிட்டாள். வீட்டிலிருந்து வந்த கேசட்டில் "அப்பா" என்கிறாள். அது என் போட்டோவைப் பார்த்துச் சொன்னது. என்னைப் பார்த்துச் சொல்வாளா? அந்தப் பயத்தை மறைக்கக் கோட்டு, கூலிங் கிளாஸ், அரை பாட்டில் சென்ட் என்று கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். வளைகுடாவிலிருந்து லீவில் போகிறவனுக்கு அதுதானே சீருடை!

பிரபு கட்டிலிலிருந்து இறங்கி வந்தார். "உதெல்லாம் என்ன கோலம்? வால்டர் இப்பிடித்தான் தலையிலயிருந்து கால் வரைக்கும் இரும்போட வீட்ட போனவர். கடைக்குட்டி வீரிட்டுக் கத்திக்கொண்டு தாயின்ரை சீலைக்குள்ள பூந்திட்டுது."

"அந்தம்மாவுக்கு ஏதுங்க சேலை?"

"கதையைக் கேளும். எல்லாத்தையும் கழட்டிப்போட்டு முற்றத்தில சும்மா இருந்தவர். கூப்பிடேல்ல, தூக்கேல்ல. பிள்ளை தானா வந்தது."

சிரித்துவிட்டுக் கிளம்பினேன். ஆனால் எங்கள் தெரு முனை வந்ததும் கை தானாகக் கோட்டைக் கழற்றியது. வளைகுடா மாப்பிள்ளையை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்குப் பெருத்த ஏமாற்றம். கண்ணாடி இல்லை, சென்ட் இல்லை, வெறும் பனியனோடு ஒருவன் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க இது, புள்ளையத் தூக்குங்க" என்றாள் மனைவி.

"இருக்கட்டும், அவளா வரட்டும்."

தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மறைந்தாள். பிறகு மெல்ல வந்து என் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் அழுததை ஊரே பார்த்தது, பார்க்கட்டும்.

கேம்புக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அவரிடம் சொன்னேன்.

"வந்தவளோ? தானாவோ?" என்று இரண்டு தரம் கேட்டார்.

"தானாத்தான். வால்டர் கதை வீண்போகல பிரபு."

"அந்தக் கதை சரித்திரத்தில இல்லை ஐசே. வாத்தியார் சண்டையளை மட்டும்தான் படிப்பிச்சவர்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் கோட்டும் கண்ணாடியுமாப் போனனான். லீவு முடியுமட்டும் என்ரை பிள்ளை கிட்ட வரேல்ல."

என் மகளுக்கே இப்போது மகள் இருக்கிறாள். என் மகள் "அப்பா" என்று கூப்பிடும்போதெல்லாம், அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் திரும்பிப் பார்க்கிறேன்.