ஆயிரத்து இருநூற்று இருபது அடி

அவிநாசிக்கு வடக்கே சேவூர் ரோட்டோரம், பூமிக்குள் இருந்த ஆயிரத்து இருநூற்று இருபது அடி ஆழத்தை ஒரே மத்தியானத்தில் காணாமல் அடித்தவன் கிருபாசங்கர். ஒரு கூடை மண் கொட்டவில்லை. கடப்பாரையைத் தொடவில்லை. சட்டை கசங்காமல் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டினான்; ஆழம் போயே போய்விட்டது! நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நம்பாமல் வயிறு குலுங்கச் சிரித்த ஒருவர் அன்றைக்கு அங்கேயே இருந்தார். அவர் என்ன ஆனார் என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுவோம்.

மாமனார் பொங்கியண்ணனின் போர்வெல்லுக்குள் குழாயோடு மோட்டார் சிக்கி அன்றோடு ஐந்து நாள். தொண்ணூற்றேழாம் வருஷத்துச் சித்திரை வெயிலில், இரண்டாயிரம் வாழையும் பிழியாமல் கொடியில் போட்ட வேட்டி மாதிரி தலை தொங்கி நின்றன.

கிருபாசங்கர் மஸ்கட்டில் ஏழு வருஷம் எண்ணெய்க் கிணறுகளோடு குடித்தனம் நடத்தியவன். கிணற்றுக்குள் குழாய் சிக்கிக்கொண்டால் எங்கே சிக்கியிருக்கிறது, எத்தனை டன் இழுத்தால் வரும், எத்தனை டன்னில் அறுந்து தொலையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் படம் காட்டும் சாப்ட்வேரைப் பதினோரு பிளாப்பியில் கொண்டுவந்திருந்தான். சிங்காநல்லூரில் உட்கார்ந்தபடியே உலகத்துக் கிணறுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பது அவன் திட்டம்.

அது நடக்குமா என்று நேரில் பார்க்க எண்ணெய்க் கம்பெனி அதிகாரி ஜெப்ரி மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். அவர் தலையாட்டினால் சிங்காநல்லூரில் ஆபீஸ். ஆட்டாவிட்டால் அடுத்த வாரமே மறுபடி மஸ்கட். மனைவி லோகப்பிரியாவும் ஆறு மாதக் குழந்தையும் இங்கே.

அம்பாசிடர் காரின் பின்சீட்டில், மெத்தை விரித்து, கல்யாணப் பெண்ணை அழைத்து வருவதுபோல் கம்ப்யூட்டர் மாமனாரின் தோட்டத்து வீட்டுக்கு வந்து இறங்கியது.

"போரு எத்தனை அடிங்க மாமா?"

"தொள்ளாயிரம்." பொங்கியண்ணன் தென்னை மட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"குழாய் அடி வரைக்கும் போகுதுங்களா?"

"பின்னெ? அடி மட்டும் எறக்கியிருக்குது."

"எறக்குன ஆளை ஒரு வார்த்தை கேட்டுட்டா..."

"அவன் வால்பாறை எஸ்டேட்டுல வேலைக்குப் போயிட்டான் மாப்ளெ. நாந்தான் வாங்கிக் குடுத்தேன்."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பக்கத்துத் தோட்டத்து வெங்கடபதி. அவருடைய போர்வெல் ஆயிரம் அடி. சந்தையில் யாரைக் கண்டாலும் வணக்கத்துக்கு முன்னால் அதைத்தான் சொல்வார்.

"ஏனுங்க மாப்ளெ, அந்த டப்பா குழாயை இழுக்குமா, இல்ல அதுக்கும் நாலு ஆளு வேணுமுங்களா?"

"இது சொல்லுமுங்க. பாலுசாமி அண்ணன் இழுப்பாருங்க."

பாலுசாமி மோட்டார் தூக்குகிறவர். முக்காலி நட்டு, கனம் தூக்கும் செயின் பிளாக் மாட்டி, எவ்வளவு நகர்கிறதென்று பார்க்கக் குழாயில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுத் தயாராக நின்றார். கிருபாசங்கர் தொள்ளாயிரம் என்று தட்டினான். அவ்வளவு குழாயின் எடையையும் சேர்த்து மூன்றேகால் டன் இழுக்கச் சொன்னது கம்ப்யூட்டர். குழாய் ஒன்றரை அங்குலம் நீளும் என்றும் சொன்னது.

இழுத்தார்கள். குழாய் அரை அங்குலம் நீண்டது. அதோடு நின்றது. முக்காலியின் ஒரு கால் முழங்கால் ஆழத்துக்கு மண்ணில் இறங்கியது. செயினைப் பிடித்திருந்த மூன்று பேரும் கொக்குக் கூட்டம் மாதிரி ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"இரும்பு நீளுமாமா! ரப்பர்க் குழாயின்னு நெனச்சுட்டாப்ல" என்றார் வெங்கடபதி. தன் வீட்டுக் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து வேலியோரம் போட்டு, வசதியாக உட்கார்ந்தும் கொண்டார்.

அரை அங்குலத்தைக் கம்ப்யூட்டரிடம் சொன்னான் கிருபாசங்கர். முந்நூற்று இருபதாவது அடியில் குழாய் சிக்கியிருக்கிறது என்றது. "அப்படின்னா அதுக்குக் கீழ இன்னும் ஐந்நூத்தி எண்பது அடி தொங்குதுங்க. பூராத் தளர்த்தி விடுங்க, அந்தக் கனத்துலயே விடுபட்டு எறங்கும்."

தளர்த்தினார்கள். ஒரு சாண் இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"முன்னெ சித்தெ ஆடிட்டாவது இருந்துதுங்க," என்றார் பாலுசாமி. "இப்பச் சிமிட்டி போட்டாப்பல இருக்குது. சேத்துக்குள்ள நட்டுப்போட்டோமுங்க."

ஜெப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மிஸ்டர் கிருபா, எனக்கு அஞ்சு மணிக்கு ரயிலு."

கிருபாசங்கர் வீட்டுக்குள் போய்த் திரைக்கு முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். லோகப்பிரியா குழந்தையை இடுப்பில் வைத்தபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, இது முந்நூத்தி இருபதுன்னு எத்தனை தடவை சொல்லுச்சு?"

"நாலு தடவை."

"தொள்ளாயிரம்னு?"

"அது மாமா சொன்னது."

"அப்பாவோடதை அழிச்சுப்போட்டு, போரே முந்நூத்தி இருபதுன்னு போட்டுப் பாருங்களேன்."

"மாமா பொய் சொல்வாங்களா, அம்மணி?"

"போடுங்கன்னா போடுங்க."

போட்டான். சிவப்பாய்ச் சிமிட்டிக்கொண்டிருந்ததெல்லாம் பச்சைக்கு மாறியது. அரை அங்குலம் சரி. எடை சரி. ஒரு சாண் சரி. வெளியே ஓடிவந்தான்.

"மாமா, போரே முந்நூத்தி இருபது அடிதானுங்க! கீழ ஒண்ணுமே இல்லீங்க!"

வெங்கடபதி சிரித்த சிரிப்பில் கட்டிலின் கயிறு இரண்டு இடத்தில் அறுந்தது. "அட கண்ணு! இங்கிருந்து அறுபதடி தள்ளி என்ற போரு ஆயிரம் அடி. இது மட்டும் முந்நூத்தி இருபதா? டப்பாவுக்கு வெயில் ஆகலீங்க, ஈரத்துணி சுத்துங்க!"

ஆட்களும் சிரித்தார்கள். ஜெப்ரி நோட்டுப் புத்தகத்தை மூடினார். பேனாவையும் மூடினார்.

பொங்கியண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்தார். வெங்கடபதியைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற மகளைப் பார்த்தார். இடுப்பிலிருந்த குழந்தை அவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

"சிரிக்காதீங்க," என்றார். "மாப்ளெ சொல்றது நெசமுங்க. முந்நூத்தி இருபதுலயே தண்ணி பீச்சி அடிச்சுது. வெளிய தெரிஞ்சா வேலியோரத்துல அல்லாரும் போர் போட்டு உறிஞ்சிப்போடுவாங்கன்னு தொள்ளாயிரம்னு சொல்லிப்போட்டேன். பதினோரு வருசமாச் சொல்லிச் சொல்லி, எனக்கே அது தொள்ளாயிரம் அடியாட்டத்தான் இருந்துதுங்க."

வெங்கடபதி வேலியைப் பிய்த்துக்கொண்டு சண்டைக்கு வருவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அப்புறம் எல்லாம் கம்ப்யூட்டர் சொன்னபடி. முக்காலியை நிமிர்த்திப் பலகை கொடுத்தார்கள். ஒன்றரை டன்னுக்கு மேல் இழுக்கவில்லை. பிடித்து நிறுத்தினார்கள், கொஞ்சம் தளர்த்தினார்கள், மறுபடி பிடித்தார்கள். "ஆறாவது தடவை விடுமுங்க" என்றான் கிருபாசங்கர். ஆறாவது தடவை பூமி ஏப்பம் விட்டது போல ஒரு சத்தம். குழாய் ஏறி வந்தது. இருபது அடிக் குழாய், எண்ணிப் பதினாறு. கடைசியில் சேற்றைப் பூசிக்கொண்டு, குட்டையிலிருந்து திரும்பும் எருமைக்கன்று மாதிரி மோட்டார்.

பொங்கியண்ணன் பேரனைத் தூக்கிக்கொண்டு வாழைக்குள் ஓடினார். ஜெப்ரி பேனாவைத் திறந்தார்.

"பிரமாதம். ஆனா ஒரு கிணத்துல சரியா வந்தா அதிர்ஷ்டம்னு எங்க ஆபீஸ்ல சொல்லிடுவாங்க. ரெண்டாவதா ஒண்ணு பார்த்துட்டா இங்கேயே லெட்டர் எழுதிடுவேன். சிக்காத கிணத்துக்கும் இது ஆழம் சொல்லுமா?"

"தொங்குற குழாயோட எடையைப் பிடிச்சாப் போதுங்க, சொல்லிப்போடும்" என்றான் கிருபாசங்கர்.

"நல்லதாப் போச்சு. சாரோட ஆயிரம் அடி போர் பக்கத்துலதானே இருக்கு?"

பாலுசாமி செயின் பிளாக்கைக் கழற்றித் தோளில் போட்டார். எல்லோரும் வேலியைப் பார்த்து நடந்தார்கள். அறுந்த கட்டிலிலிருந்து வெங்கடபதி மெதுவாக எழுந்து, இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

"நடந்தது நெசந்தானுங்க, நான் ஒத்துக்கறேன், அந்தப் பொட்டியெ மட்டும் இந்தப் பக்கம் கொண்டு வராதீங்க, கண்ணு... எம்பட போரு முந்நூத்தி அறுபதுதான்."