பல்லு சாயபு பார்த்த பியானோ

பல்லால் கேட்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் பியானோ ரிப்பேர் செய்யும் பல்லு சாயபு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டில் நான் வேலை செய்தேன். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து வக்கீல் ஐயா பழைய பெரிய பியானோ ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். மூடியைத் தூக்கினால் யானை வாயைப் பிளந்தது போல இருக்கும். தினம் அதைத் துடைப்பது என் வேலை. ஒரு கோடையில் அது வண்டு மாதிரி 'ஙொய்' என்று இரைய ஆரம்பித்தது.

"ஈரத்துணியால துடைச்சுப் பாழாக்கிட்டாளே! இந்த மாசத்தோட நின்னுக்கோ," என்றார் வக்கீல் வீட்டம்மா.

நான் ஈரத்துணியைத் தொட்டதே இல்லை. ஆனால் பெரியவர்கள் எதிரில் எனக்கு வாய் வராது. அப்பாவோ கட்டுமரத்தில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு குப்பத்தில் படுத்திருந்தார். என் சம்பளத்தை நம்பித்தான் குடும்பமே இருந்தது.

சாயபு வந்தார். வந்ததும் சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினார். சமையல்காரரிடம் தாளிக்கக் கூடாது என்றார். ஐயாவின் செருப்பு கிறீச்சிடுகிறதென்று கழற்ற வைத்தார். ஜன்னலில் இருந்த காக்காயைக் கும்பிட்டு, "நைனா, கொஞ்சம் அப்பால போய்க் கத்து," என்றார். அதுவும் போய்விட்டது!

பிறகு ஒரு குச்சியின் நுனியைப் பியானோவுக்குள் ஊன்றி, மறுநுனியைப் பல்லால் கடித்துக்கொண்டார். ஐயா ஒவ்வொரு கட்டையாகத் தட்டினார். திடீரென்று சாயபு குச்சியைத் துப்பினார்.

"ஆப்ட்டுக்கினான்! இங்கதான் கீறான்!"

உள்ளே கம்பிகளைத் தாங்கும் மரத்தில் வரிசையாகச் சின்ன ஆணிகள் உண்டு. அவற்றை அணைத்துக்கொண்டுதான் கம்பிகள் போகும். அதில் சில ஆணிகள் ஆடிப்போயிருந்தன. சாயபு கம்பியைத் தளர்த்தி, ஆணியைக் குறடால் பிடுங்கி, சற்றே தடித்த ஆணியில் வச்சிரப் பசை தடவி இறக்கினார். ஒவ்வொன்றையும் தட்டுமுன், "போ ராஜா, ஆடாம நில்லு," என்று கொஞ்சினார்.

மறுநாள் பியானோ கணீரென்றது.

"எல்லாம் ஈரத்துணியாலதானே?" என்று கேட்டார் வீட்டம்மா.

சாயபு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஈரமா? வெய்யில்ல மரம் காஞ்சி ஆணி லூசாயிட்ச்சிம்மா. இன்னொண்ணு சொல்றேன் கேட்டுக்க. பழைய பியானோ கை பழகிக்கும். தொடைக்கிற கை மாறிச்சோ, ஆணி மறுபடியும் ஆடும். அப்பால என்னைக் கூப்டாதே."

"கை மாறினா ஆணி ஆடுமா?"

"ஜட்கா குதிரை பாத்ததில்லியா? வேற ஆளு தொட்டா ஒதைக்கும்ல?"

ஐயா சிரிப்பை மறைக்க இருமினார். அம்மா என்னை முறைத்து, "சரி, நீயே துடைச்சிண்டு இரு," என்றார்.

வாசலில் அவருக்கு நன்றி சொல்லப் போனேன். கை கூப்பியபடி நின்றேன்.

"இன்னா கண்ணு, பேச்சு வர்லியா? வாணாம் போ. பியானோவாண்ட போய்ப் பேசு."

அப்பா மறுபடி கடலுக்குப் போன பிறகும் வெகுகாலம் அந்தப் பியானோவை நான்தான் துடைத்தேன். சாயபுவின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கோயிலில் நிற்கும்போது, 'பல்லு சாயபு நல்லா இருக்கணும்' என்றுதான் வேண்டிக்கொள்வேன். சாமிக்கு ஆள் தெரியாமலா இருக்கும்?